கம்பி வேண்டாம், வெளிச்சம் போதும்

கேள்வி: விருத்தாசலம் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகத்தில் டிப்ளமோ படிக்கிறேன். அப்பா செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைப் பட்டறையில் அச்சு வார்க்கிறார். மாசி மகத்துக்குக் கோயில் பக்கம் போட்ட கடையில் சின்ன பியானோ பொம்மை ஒன்று வாங்கினேன். மூன்று பென்சில் பேட்டரி போடுவது. பின்பக்கத்தைக் கழற்றி, ஈர விரலால் போர்டைத் தடவியபோது ஓரிடத்தில் குரல் கீச்சென்று ஏறியது. அங்கிருந்த ரெசிஸ்டருக்கு இணையாக ஒரு வால்யூம் கன்ட்ரோலைப் பற்றவைத்தேன். குமிழைத் திருகினால் சுருதி ஏறி இறங்குகிறது. கையால் திருகாமல் தானாக ஆட வேண்டும் என்று, தனி 9 வோல்ட் பேட்டரியில் 555 ஐசி வைத்து ஒரு சர்க்யூட் கட்டினேன். அதன் 3ஆம் காலை நேராக அந்த ரெசிஸ்டர் முனையில் பற்றவைத்து, இரண்டு பேட்டரிகளின் மைனஸையும் சேர்த்தேன். பொம்மை ஒருமுறை கத்திவிட்டு உறைந்துவிட்டது. அதன் சுவிட்சை அணைத்த பிறகும் ஸ்பீக்கரில் முனகல் கேட்டது. 555 கையை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. எங்கே பிசகினேன்? ஒரே ஒரு வெளிப்பெட்டி செய்து எல்லாப் பொம்மைகளுக்கும் பயன்படுத்த முடியுமா? இதையெல்லாம் பீங்கான் பொம்மைக்குள் அடக்க வேண்டும் என்பது என் ஆசை. அது சரிப்படுமா?
— ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: தம்பி, பொம்மை செத்துவிட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். இரண்டு பக்கத்துப் பேட்டரிகளையும் கழற்றுங்கள். 555இலிருந்து போன கம்பியைச் சூடு காட்டி எடுத்துவிடுங்கள். அரை மணி நேரம் அப்படியே கிடக்கட்டும். பிறகு பொம்மைக்கு மட்டும் பேட்டரி போட்டு ஒரு கட்டையை அழுத்துங்கள். பாடினால் பிழைத்துக்கொண்டது. பாடாமல், போர்டில் உள்ள கறுப்புப் பொட்டு விரலுக்குச் சூடாகத் தெரிந்தால் அதற்குள் இருக்கும் சிப் போய்விட்டது என்று பொருள். ஸ்பீக்கரைக் கழற்றி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

நடந்தது என்னவென்றால், 9 வோல்ட்டில் ஓடும் 555இன் 3ஆம் கால் மேலே போகும்போது ஏறத்தாழ 7.5 வோல்ட் தரும். உங்கள் பொம்மையின் சிப் 4.5 வோல்ட்டில் ஓடுவது. இந்த மாதிரி சிப்பின் கால்களுக்கு உள்ளேயே காவல் டையோடு வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து அளவுக்கு மீறி வோல்ட்டேஜ் வந்தால், அந்த டையோடு அதைப் பிளஸ் பாதைக்குத் தள்ளிவிடும். நீங்கள் ரெசிஸ்டர் எதுவும் வைக்காமல் இணைத்ததால், 555 அந்த டையோடு வழியாகப் பொம்மை முழுவதற்கும் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. சுவிட்சை அணைத்தும் முனகல் நிற்காததற்கு அதுதான் காரணம், 555 சுட்டதற்கும் அதுதான் காரணம். 3ஆம் கால் கீழே இறங்கியபோது நேர் எதிரான தொல்லை. சிப்பின் துடிப்பை உண்டாக்கும் முனையை அது மைனஸோடு கட்டிப்போட்டுவிட்டது. துடிப்பு நின்றதும் பொம்மை உறைந்துவிட்டது. இப்படித் திணித்தால் சில சிப்புகள் பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே தாமே ஷார்ட் ஆகிவிடும், பேட்டரியைக் கழற்றும்வரை மீளாது. அதனால்தான் அரை மணி நேரக் கணக்கைச் சொன்னேன்.

ஆனால் ஈர விரலால் தடவி அந்த ரெசிஸ்டரைக் கண்டுபிடித்தீர்களே, இந்தக் கலையின் பாதி அது. அமெரிக்காவில் சின்சினாட்டிக்காரரான ரீட் கசாலாவுக்கு 1960களில் இதே மாதிரிதான் தொடங்கியது. மேசை இழுப்பறைக்குள் திறந்து கிடந்த ஒரு சின்ன பேட்டரி ஆம்ப்ளிஃபயர் எதிலோ பட்டு ஷார்ட் ஆகி, தானாக விதவிதமாகச் சத்தம் போட்டது. அவர் அதை மூடி வைக்காமல் பின்தொடர்ந்தார். 1992இல் அதற்கு சர்க்யூட் பெண்டிங் என்று பெயர் வைத்து எழுதத் தொடங்கினார். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1978இல் விற்பனைக்கு விட்ட ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’ என்ற எழுத்துக்கூட்டும் பொம்மையை அவர் மாற்றியமைத்த விதம், இந்தத் துறையில் இறங்குகிற எல்லோரும் பார்க்கிற ஒன்று. தெருக்கடைப் பொம்மையைத் திறப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நீங்கள் இப்போது வந்து நிற்கும் இடம் அதற்கு அடுத்த படி. ஒரு சர்க்யூட்டின் குமிழை இன்னொரு சர்க்யூட் திருக வேண்டும். மின்னணு இசையின் பெரும்பகுதி இந்த எண்ணத்தின் மேல்தான் எழுந்தது. ராபர்ட் மோக் 1964இல் செய்த சிந்தசைசரின் சிறப்பே அதுதான். ஒரு பெட்டியிலிருந்து வரும் வோல்ட்டேஜ் இன்னொரு பெட்டியின் சுருதியையோ சத்தத்தையோ ஏற்றி இறக்கும். அந்த மோக் இயந்திரம் ஒன்று 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்தது. டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் வந்து அதை நிறுவிக் கொடுத்தார். கீதா சாராபாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா போன்றவர்கள் 1970களின் தொடக்கம் வரை அதில் வேலை செய்து நாடாக்களில் பதிந்து வைத்தார்கள். அவை வெகு காலம் அலமாரியிலேயே கிடந்து, 2023இல்தான் இசைத்தொகுப்பாக வெளிவந்தன. தேடிக் கேளுங்கள். சுருதியை ஒரு யந்திரம் ஆட்டினால் எப்படி இருக்கும் என்று நம் நாட்டவர்கள் அன்றே காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

மோக்கில் வோல்ட்டேஜை வாங்கிக்கொள்ள வாசல் இருந்தது. உங்கள் பொம்மையில் அது இல்லை. அதில் மாற்ற முடிந்தது ஒரு ரெசிஸ்டரின் அளவு மட்டுமே. ஆகவே வோல்ட்டேஜை ரெசிஸ்டன்ஸாக மாற்றித் தரும் ஒரு சாதனம் நடுவில் வேண்டும். அதுதான் எல்டிஆர். வெளிச்சம் பட்டால் ரெசிஸ்டன்ஸ் குறையும், இருட்டில் கூடும். அதன் முகத்துக்கு எதிரே ஒரு எல்இடியை வைத்து, இரண்டையும் கறுப்புக் குழாயில் அடைத்துவிட்டால் வேலை முடிந்தது. எல்இடியின் இரண்டு கால்கள் உங்கள் பெட்டிக்கு. எல்டிஆரின் இரண்டு கால்கள் பொம்மைக்கு. நடுவே கடந்து போவது வெளிச்சம் மட்டும். மைனஸைச் சேர்க்க வேண்டியதில்லை. பெட்டி 9 வோல்ட்டில் ஓடினாலும் 12 வோல்ட்டில் ஓடினாலும் பொம்மையின் சிப்புக்கு அது தெரியாது. நீங்கள் கேட்ட ‘ஒரே பெட்டி, எல்லாப் பொம்மைகளுக்கும்’ என்பது இப்படித்தான் கைகூடும். வேறு வழிகளும் இருக்கின்றன, ஆனால் அவை ஒவ்வொன்றிலும் இந்தப் பொம்மையின் வோல்ட்டேஜ் என்ன, அதன் மைனஸ் எங்கே என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதை நீங்களே செய்துகொள்ளலாம். ஜிஎல்5528 என்ற எல்டிஆர் சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், ஆன்லைனிலும் உண்டு. இருட்டில் ஏறத்தாழ 1 மெகா ஓம், மங்கலான வெளிச்சத்தில் 10 கிலோ ஓம் பக்கம். எல்இடி வாங்கும்போது பச்சையாக வாங்குங்கள். இந்த எல்டிஆர் அதிகம் உணர்வது 540 நானோமீட்டர் பக்கம், அது பச்சை. சிவப்பு வைத்தாலும் வேலை செய்யும், ஆனால் அதே விளைவுக்குக் கரண்ட் கூடுதலாகச் செலவாகும். எல்இடியின் தலையும் எல்டிஆரின் முகமும் முட்டிக்கொண்டு நிற்கும்படி சுருக்குக் குழாயில் நுழைத்து, சால்டரிங் அயர்னின் பக்கவாட்டால் சூடு காட்டிச் சுருக்குங்கள். இரண்டு வாயையும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் அடையுங்கள். பலர் இங்கே சூடான பசையை ஊற்றுவார்கள். அந்தப் பசை ஒளி ஊடுருவுவது, அறை வெளிச்சம் அதன் வழியாக உள்ளே போய்விடும். அடைத்த பிறகு மல்டிமீட்டரை 2 மெகா ஓம் அளவில் வைத்து எல்டிஆரை அளந்து பாருங்கள். சட்டென்று நிற்காது, எண் மெதுவாக ஏறிக்கொண்டே போகும். குழாயை டியூப்லைட்டுக்குக் கீழே காட்டினாலும் எண் இறங்கக்கூடாது. இறங்கினால் எங்கோ கசிகிறது.

அடுத்தது இதில் முக்கியமான கணக்கு. எல்டிஆரை நேராகப் பொம்மையின் ரெசிஸ்டருக்கு இணையாகப் போட்டால் பொம்மை கத்தி உறைந்துவிடும். அதன் வரிசையில் ஒரு காவல் ரெசிஸ்டர் வேண்டும். உங்கள் போர்டில் அந்த ரெசிஸ்டர் மேல் 204 என்று அச்சிட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 200 கிலோ ஓம். பல பொம்மைகளில் 100 முதல் 300 வரை இருக்கும். பொம்மையின் வேகம் இந்த ரெசிஸ்டன்ஸ் குறைந்தால் கூடும், பெரும்பாலும் அதே விகிதத்தில்.

காவலுக்கு 47 கிலோ ஓம் போட்டுப் பார்ப்போம். எல்இடி அணைந்திருக்கும்போது அந்தக் கிளை 1047 கிலோ ஓம். பொம்மையின் 200உடன் இணையாகச் சேர்ந்தால் 168 ஆகும். சுருதி 1.19 மடங்கு ஏறும், ஸட்ஜத்திலிருந்து சாதாரண காந்தாரம் அளவு. எல்இடி எரிந்து எல்டிஆர் 10 கிலோ ஓமுக்கு இறங்கினால் மொத்தம் 44 கிலோ ஓம் சொச்சம். சுருதி நாலரை மடங்கு, அதாவது இரண்டு ஸ்தாயிக்கும் மேலே. பெரும்பாலான பொம்மைகள் அந்த உயரத்தில் பாடாது, திக்கும் அல்லது உறைந்துவிடும். காவலை 220 கிலோ ஓமாக மாற்றுங்கள். எல்இடி முழுதாக எரியும்போதும் சுருதி 1.87 மடங்கில் நின்றுவிடும். காகலி நிஷாதத்துக்கு அருகே. இன்னும் பிரகாசமாக எரிந்து எல்டிஆர் 1 கிலோ ஓமுக்கு விழுந்தாலும் 1.9 மடங்குதான், மேல் ஸட்ஜத்தைத் தாண்டாது. காவல் ரெசிஸ்டர் பொம்மையின் ரெசிஸ்டருக்குச் சமமாக இருந்தால், என்ன வெளிச்சம் பட்டாலும் ஒரு ஸ்தாயிக்கு மேல் போக வழியே இல்லை. இரண்டு சம ரெசிஸ்டர்கள் இணையாகச் சேர்ந்தால் பாதி, பாதியென்றால் சுருதி இரண்டு மடங்கு. எந்தப் பொம்மையைத் திறந்தாலும் முதலில் அந்த ரெசிஸ்டரின் அளவைப் பார்த்து, அதே அளவு காவலை வைத்துத் தொடங்குங்கள். பிறகு துணிச்சலாகக் குறைத்துப் போகலாம்.

பெட்டிக்குள் போகும் சர்க்யூட்டுக்கு 555 போதும். 8ஆம், 4ஆம் கால்கள் பிளஸுக்கு, 1ஆம் கால் மைனஸுக்கு. 8க்கும் 7க்கும் நடுவே 10 கிலோ ஓம். 7க்கும் 6க்கும் நடுவே இன்னொரு 10 கிலோ ஓமும் அதன் வரிசையில் 500 கிலோ ஓம் குமிழும். 6ஐயும் 2ஐயும் சேர்த்துவிட்டு, அங்கிருந்து மைனஸுக்கு ஒரு கண்டென்சர். 5ஆம் காலிலிருந்து மைனஸுக்கு 0.01 மைக்ரோஃபாரட். பேட்டரிக்குக் குறுக்கே 100 மைக்ரோஃபாரட் ஒன்று. கண்டென்சர் 1 மைக்ரோஃபாரட் என்றால், குமிழைத் திருகத் திருக வினாடிக்கு 48 துடிப்பிலிருந்து 1.4 துடிப்பு வரை இறங்கும். இந்த எல்டிஆருக்கு மேல்பாதி வீண். அது மெதுவாக எழுந்து மெதுவாக அடங்குகிற சாமான், வினாடிக்கு இருபது முப்பது துடிப்பைத் தாண்டினால் ஆட்டம் மழுங்கிப்போகும். 10 மைக்ரோஃபாரட் போடுங்கள். 4.8 முதல் 0.14 வரை, அதாவது ஓர் ஆட்டத்துக்கு ஏழு வினாடி வரை கிடைக்கும். இசைக்கு இந்த எல்லைதான் நல்லது. இரண்டு கண்டென்சருக்கும் நடுவே ஒரு சுவிட்ச் வைத்தால் இரண்டும் உங்களுக்கு.

முதல் நாளில் 3ஆம் காலிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக எல்இடிக்குக் கொடுத்துக் கேளுங்கள். போலீஸ் வண்டிச் சத்தம் போல இரண்டு சுருதிக்கு இடையே தாவும். ஆனால் தாவலின் ஓரம் வழுக்கிக்கொண்டு போகும், எல்டிஆரின் மெத்தனம் அங்கே நல்லதாக முடிகிறது.

முழுதாக வழுக்கும் ஆட்டம் வேண்டுமென்றால் 6ஆம் காலைக் கேளுங்கள். அங்கே கண்டென்சர் 3 வோல்ட்டுக்கும் 6 வோல்ட்டுக்கும் நடுவே நிறைந்து வடிந்துகொண்டிருக்கும். அலை அங்கே தயாராக இருக்கிறது, எடுப்பதில்தான் நுட்பம். பலர் ஒரு பிசி547 டிரான்சிஸ்டரை வைத்து எடுக்கச் சொல்வார்கள். வேகமான ஆட்டத்தில் அது ஓடும். குமிழை மெதுவான பக்கம் திருப்பினால் ஆட்டமே நின்றுவிடும். ஏனென்றால் அப்போது கண்டென்சரை நிறைக்க வருகிற கரண்ட் ஆறு மைக்ரோஆம்பியர் அளவு, டிரான்சிஸ்டரின் பேஸ் அதைவிடக் கூடுதலாகக் குடித்துவிடும். எல்எம்358 என்ற ஆப்-ஆம்ப் ஐசியில் ஒரு பாதியை எடுத்து, அதன் அவுட்புட்டை மைனஸ் இன்புட்டோடு சேர்த்துவிட்டு, பிளஸ் இன்புட்டை 6ஆம் காலுக்குக் கொடுங்கள். அது குடிப்பது நானோஆம்பியர் கணக்கில். அவுட்புட்டிலிருந்து 1 கிலோ ஓம், அதன் வரிசையில் 10 கிலோ ஓம் குமிழ், பிறகு எல்இடி. அந்தக் குமிழ் எவ்வளவு ஆழமாக ஆட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாய்ப்பாட்டு கற்றவர்கள் இதைக் கேட்டால் இது கமகமா என்று கேட்பார்கள். இல்லை. கமகம் எந்த ஸ்வரத்தில் நிற்கிறோம், எங்கே போகப் போகிறோம் என்று பார்த்து அசைவது. இந்த ஆட்டத்துக்கு ஸ்வரமே தெரியாது, எல்லாவற்றையும் ஒரே அளவில் ஆட்டும். அதற்கு ஒரு மாற்று உண்டு. இரண்டாவது 555 ஒன்று கட்டி, அதன் எல்இடிக்கு எதிரே இருக்கும் எல்டிஆரை முதல் 555இன் வேகக் குமிழுக்கு இணையாகப் போடுங்கள். அதற்கும் 47 கிலோ ஓம் காவல் வேண்டும். ஆட்டத்தின் வேகமே மெல்ல மெல்ல மாறும். அப்போது அடுத்து என்ன வரும் என்று காதுக்கு எளிதில் தெரியாது, கேட்க ஆர்வம் வரும். அகமதாபாதில் மோக்கின் முன்னால் உட்கார்ந்தவர்கள் கம்பியால் செய்த அதே வேலை.

பெட்டிக்கும் பொம்மைக்கும் நடுவே எந்தக் கம்பி ஓட வேண்டும் என்பதில் கவனமாக இருங்கள். எல்இடி-எல்டிஆர் குழாய் பொம்மைக்குள்ளேயே, அந்த ரெசிஸ்டருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். குழாயின் எல்இடிக் கால்களை மட்டும் 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் ஜாக்கில் வெளியே எடுங்கள். மாற்றிச் செய்து, எல்டிஆரைப் பெட்டிக்குள் வைத்து அதன் கம்பியை நீளமாக இழுத்தால் பொம்மையின் சுருதியே மாறிப்போகும். துடிப்பை உண்டாக்கும் முனையோடு இருக்கும் கண்டென்சர் மிகச் சிறியது, அதை எதிர்த்து நிற்க ஒரு மீட்டர் கேபிளின் கொள்ளளவே போதும். அறையின் மின்சார இரைச்சலையும் அந்தக் கம்பி வாங்கிக்கொண்டு வரும். எல்இடிக் கம்பி எத்தனை நீளம் இருந்தாலும் கவலையில்லை. ஆக ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு குழாய், ஒரு காவல் ரெசிஸ்டர், ஒரு ஜாக். பெட்டி ஒன்றே.

இந்தக் குழாயைப் பேட்டரிக் கம்பியின் வரிசையில் போட்டுப் பொம்மையைப் பட்டினி போட்டு ஆட்டலாமா என்று உங்களுக்குத் தோன்றும். வேண்டாம். இந்த எல்டிஆர் தாங்குவது 100 மில்லிவாட்தான். பொம்மையின் ஸ்பீக்கர் இழுக்கும் கரண்ட்டுக்கு அது தாங்காது.

எந்த ரெசிஸ்டரைத் தொட்டாலும் சுருதி மாறாத பொம்மைகளும் வரும். அவற்றின் துடிப்பு சிப்புக்கு உள்ளேயே இருக்கும், அல்லது வெளியே ஒரு கிரிஸ்டலோ மூன்று கால் செராமிக் ரெசொனேட்டரோ இருக்கும். முதல் வகையை விட்டுவிடுங்கள். இரண்டாவது வகையில் எல்டிசி1799 என்ற சிறிய ஐசியால் புதுத் துடிப்பைக் கொடுக்கலாம், அதன் வேகமும் ஒரே ரெசிஸ்டரால் தீர்மானமாவது, ஆகவே உங்கள் குழாய் அங்கேயும் உட்காரும். ஆனால் அது அரிசியளவு ஐசி, சால்டரிங்கில் கை பழகிய பின் தொடுங்கள்.

பெரிய ஆம்ப்ளிஃபயரில் கேட்க ஆசை வந்தால், பொம்மை ஸ்பீக்கரின் ஒரு முனையை மைனஸ் என்று நினைத்து இணைத்துவிடாதீர்கள். பல சிப்புகளில் இரண்டு முனைகளுமே உயிருள்ளவை. பழைய டெலிபோன் மோடத்திலிருந்து எடுத்த 1:1 டிரான்ஸ்ஃபார்மரை நடுவில் வைத்து, வரிசையில் 1 கிலோ ஓம் போட்டு எடுங்கள். இங்கேயும் கம்பிக்குக் கம்பி தொடர்பில்லை. இவை எல்லாமே பேட்டரியில் ஓடும் பொம்மைகளுக்கு மட்டும். சுவர் பிளக்கில் செருகும் எதையும் திறக்க வேண்டாம்.

இனி பீங்கான். இந்த விஷயத்தில் நீங்கள் எனக்குச் சொல்லித் தர வேண்டியவர். நெய்வேலிச் சுரங்கம் பக்கத்துக் களிமண் எப்படி நடந்துகொள்ளும் என்று உங்கள் அப்பாவின் கைக்குத் தெரியும். மின்சாரம் சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன். குமிழுக்கும் ஜாக்குக்கும் துளையை அச்சிலிருந்து எடுத்த பிறகு, மண் பதமாக இறுகிய நிலையில் போடுங்கள். சுட்ட பீங்கானில் துளைக்க வைர பிட் வேண்டும், பாதியில் விரிசலும் விடும். குமிழின் கழுத்து 7 மில்லிமீட்டர். உங்கள் மண் காய்ந்தும் சுட்டும் 12 சதவீதம் சுருங்கும் என்றால் ஈரத்தில் 8 மில்லிமீட்டர் துளை வேண்டும். ஜாக்கின் கழுத்து 6 என்றால் ஏழுக்குச் சற்றுக் குறைவாக. குமிழின் மரை நீளம் குறைவு, ஆகவே அந்த இடத்தில் சுவர் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்க வேண்டாம். துளைக்குள் கிளேஸ் வழிந்திருந்தால் சூளைக்கு முன் துடைத்துவிடுங்கள். நட்டுக்குக் கீழே ரப்பர் வாஷர் இல்லாமல் முடுக்கினால் கிளேஸ் சிலும்பும்.

உங்கள் ஊர்ப் பீங்கான் ஃபியூஸ் கட்டையாகவும் இன்சுலேட்டராகவும் வெகு காலமாக மின்சாரத்தைத் தாங்கி நிற்பது. அதே குணம் இங்கே ஒரு குறையாகவும் ஆகிறது. மின்சாரம் பாயாத உடம்பு என்பதால் வெளி இரைச்சலை அது தடுக்காது. பொம்மையின் உள்சுவரில் சமையல் அலுமினியத் தாளை ஒட்டி, பொம்மை போர்டின் மைனஸோடு ஒரு கம்பியால் சேர்த்துவிடுங்கள், போர்டில் எங்கும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய வெள்ளைப் பீங்கான் வெளிச்சத்தை உள்ளே விடும் என்பதால் குழாயின் டேப் சரியாக இருக்க வேண்டும். வேண்டுமென்றே ஒரு பொம்மைக்கு மட்டும் எல்டிஆரை மூடாமல் கண் துளையில் வைத்துப் பாருங்கள். எதிரே ஓர் அகல் விளக்கை ஏற்றினால் அந்தச் சுடரின் நடுக்கமே சுருதியை ஆட்டும் மாடுலேஷன். 555 எதுவும் தராத ஒழுங்கற்ற அசைவு அதில் கிடைக்கும்.

பீங்கான் பொம்மையை வெறும் கூடாகப் பார்க்காதீர்கள். அதைத் தட்டினால் மணி போல ஒலிக்கிறது. ஜலதரங்கத்தில் ஆனையாம்பட்டி கணேசன் வாசித்ததும் பீங்கான் கிண்ணங்களைத்தான். அந்தத் தட்டலையே மாடுலேஷனாக மாற்றலாம். அதற்கு வேண்டியது ஒரு பீசோ வட்டு, வாழ்த்து அட்டைகளிலும் அலாரங்களிலும் கீச்சிடும் பித்தளைத் தகடு. அதன் மேல் வெள்ளையாக இருப்பது ஈய சிர்கோனேட் டைட்டனேட். அதுவும் பொடியாக அரைத்து, அழுத்தி, 1200 டிகிரி அளவில் சூளையில் சுட்ட செராமிக்தான். பிறகு அதிக வோல்ட்டேஜ் கொடுத்து அதன் உள்ளமைப்பை ஒரே திசையில் நிறுத்துகிறார்கள். அதனால்தான் தட்டினால் வோல்ட் தருகிறது. உங்கள் பாடப்புத்தகத்தில் மின்செராமிக் என்று ஒரு பகுதி இருக்குமே, அதன் நேரடி மாதிரி இது. ஈயம் கலந்தது என்பதால் வட்டை வெட்டவோ தேய்க்கவோ கூடாது.

27 மில்லிமீட்டர் வட்டு ஒன்றை அரால்டைட்டால் பொம்மையின் உள்சுவரில் ஒட்டுங்கள். அலுமினியத் தாளை அந்த இடத்தில் விட்டுவிட்டு வெறும் பீங்கானில் ஒட்ட வேண்டும். வட்டுக்குக் குறுக்கே 100 கிலோ ஓம். தட்டலில் பல வோல்ட் வரும் என்பதால் 10 கிலோ ஓம் வழியாக எல்எம்358இன் பிளஸ் இன்புட்டுக்குக் கொண்டுபோய், அந்த இன்புட்டிலிருந்து பிளஸுக்கும் மைனஸுக்கும் ஒவ்வொரு 1என்4148 டையோடு காவலுக்கு வையுங்கள், இரண்டும் சாதாரணமாகக் கரண்ட் பாயாத திசையில். மைனஸ் இன்புட்டிலிருந்து மைனஸுக்கு 10 கிலோ ஓம், அவுட்புட்டிலிருந்து மைனஸ் இன்புட்டுக்கு 100 கிலோ ஓம். பதினோரு மடங்கு பெருகும். அவுட்புட்டிலிருந்து இன்னொரு டையோடு வழியாக 1 மைக்ரோஃபாரட்டை நிறைத்து, அதன் குறுக்கே 470 கிலோ ஓம் போடுங்கள். அங்கிருந்து ஐசியின் மறுபாதி, முன்பு 555க்குச் செய்த அதே மாதிரி, எல்இடியை ஓட்டட்டும். ஒரு தட்டுத் தட்டினால் சுருதி குபீரென்று ஏறி, அரை வினாடியில் வழுக்கிக்கொண்டே இறங்கும். இந்த ஐசிக்கும் அதே தனி 9 வோல்ட் பேட்டரிதான், பொம்மையின் பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டாம்.

இறக்கம் நீள வேண்டுமென்றால் 470ஐ 1 மெகா ஓமாக்குங்கள், சட்டென்று அடங்க வேண்டுமென்றால் 100 கிலோ ஓம். மெல்லத் தட்டினாலே சுருதி உச்சிக்கு ஓடிவிட்டால் பெருக்கத்தைத் தீர்மானிக்கும் 100 கிலோ ஓமை 47 ஆக்குங்கள். ஸ்பீக்கரையும் அதே பொம்மைக்குள் வைத்தால் அதன் அதிர்வே வட்டைத் தட்டத் தொடங்கி, பொம்மை தன்னைத் தானே ஆட்டிக்கொள்ளும். அது பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள். பிடிக்கவில்லையென்றால் ஸ்பீக்கரை வேறொரு பொம்மைக்குள் மாற்றிவிடுங்கள், அச்சு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.